அட்டன்பரோ: ஓர் அபூர்வக் குடும்பப் பெயரைத் தரவுகளில் துரத்தியது

அட்டன்பரோ என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர்கள் இரண்டே பேர். 1982-இல் 'காந்தி' படத்தை இயக்கிய ரிச்சர்ட், காட்டுயிர் ஆவணப்படங்களின் குரலான டேவிட். இந்த அண்ணன் தம்பியைத் தாண்டினால் இங்கிலாந்திலேயே இந்தப் பெயர் அரிதாகத்தான் கண்ணில் படும். நாட்டிங்ஹாம் நகருக்குத் தென்மேற்கே, டிரென்ட் ஆற்றங்கரையில், இதே பெயரில் ஓர் ஊரும் உண்டு. ஊர் இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஆகவே ஊரிலிருந்து வந்த பெயர் என்று எழுதிவிட்டால் ஐந்து நிமிட வேலை.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. இடைக்கால ஆங்கிலத்தில் 'அட்டன்' என்றால் 'அந்த இன்னதன் அருகே' என்று பொருள். 'பரோ' என்பது கோட்டை அல்லது அரண் சூழ்ந்த இடம். ஆக, எந்த ஊரிலும் ஒரு பழைய கோட்டையை ஒட்டிக் குடியிருந்தவனுக்கு 'கோட்டையருகே இருப்பவன்' என்று இந்தப் பெயர் வந்திருக்கலாம். அப்படியானால் இது பல இடங்களில் தனித்தனியாக முளைத்த பெயர். ஊரிலிருந்து வந்ததென்றால், ஒரே இடத்தில், அநேகமாக ஒரே ஆளிடமிருந்து கிளைத்தது. இரண்டில் எது என்பதுதான் கேள்வி. வரைபடம், இலக்கணம், மரபணு என்று மூன்று பக்கமிருந்தும் பார்த்தாகிவிட்டது. நேரத்தை அதிகம் தின்றது வரைபடம்.

முதல் வேலை, எழுத்து வேறுபாடுகளைத் திரட்டுவது. ஆங்கிலத்தில் பெயரின் கடைசியில் ஓ-யூ-ஜி-எச் வரும். பதிவேடுகளில் அந்த இடத்தில் அட்டன்பரோ, அட்டன்பர்ரோ, அட்டன்பாரோ, அட்டன்பரி என்று எழுதுபவர் காதுக்குப்பட்டதெல்லாம் இருக்கும். இந்தப் பதிவேடுகளைத் தேடும் இணையதளங்கள் பலவற்றில் 'ஒலி ஒத்த பெயர்' என்ற வசதி, பெயரின் ஒலியை ஓர் எழுத்தும் மூன்று எண்ணுமாகச் சுருக்கும் சவுண்டெக்ஸ் முறையில் ஓடுகிறது. அந்தக் கணக்குப்படி அட்டன்பரோவின் குறியீடு ஏ-351. முதலெழுத்து அப்படியே நிற்கும், டி-க்கு 3, என்-னுக்கு 5, பி-க்கு 1, மூன்று எண்ணோடு முடிந்தது. இதில் இரண்டு கோளாறு. ஆடன்புரூக் என்ற சம்பந்தமே இல்லாத பெயருக்கும் ஏ-351தான் வரும், முடிவுப் பட்டியலில் அதுவும் வந்து நிற்கும். இது பரவாயில்லை, கையால் நீக்கிவிடலாம். அடுத்தது மோசம். பழைய கையெழுத்தில் இரட்டை டி-யின் குறுக்குக் கோடு மங்கிப்போனால் அது இரட்டை எல் மாதிரி தெரியும். படியெடுத்தவர் 'ஆலன்பரோ' என்று எழுதிவிடுவார். குறியீடு ஏ-451 ஆகிவிடும், சவுண்டெக்ஸ் தேடலில் வரவே வராது.

அதனால் நட்சத்திரக் குறித் தேடலே நம்பகமானது; நட்சத்திரம் நிற்கும் இடத்தில் எந்த எழுத்து வந்தாலும் பிடித்துவிடும். ஏ, டி, நட்சத்திரம், என், பி, நட்சத்திரம், ஆர், நட்சத்திரம் என்று ஒருமுறை; இரண்டாவது எழுத்தை எல் ஆக்கி இன்னொருமுறை. தேடும்போது குடும்பப் பெயர்க் கட்டத்தில் மட்டும் தட்டுங்கள். எல்லாக் கட்டத்திலும் தேடும்படி விட்டால், பிறந்த ஊர் 'அட்டன்பரோ' என்று எழுதியிருக்கும் வேறு பெயர்க்காரர்கள் மொத்தமும் கணக்கில் சேர்ந்து, ஊரைச் சுற்றி இல்லாத ஒரு கூட்டத்தை வரைபடம் காட்டும்.

அடுத்தது எந்தத் தரவு என்பது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, இறப்பு, திருமண அரசுப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்குகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர் வாரியாகப் பயன்படுவது 1841 முதல் 1921 வரை. 1931 கணக்கெடுப்பு 1942-இல் தீயில் போனது, 1941-இல் எடுக்கவே இல்லை. பெயர்ப் பரவலுக்கு எல்லோரும் எடுத்துக்கொள்வது 1881. தன்னார்வலர்கள் முழுவதையும் படியெடுத்த கணக்கெடுப்பு அது. 1841 இந்த வேலைக்கு அவ்வளவாக உதவாது. பதினைந்து வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள், பிறந்த இடத்துக்கும் 'இதே ஷயரா' (ஷயர் என்பது இங்கிலாந்தின் பெரிய நிர்வாகப் பிரிவு), இல்லையென்றால் ஸ்காட்லாந்தா, அயர்லாந்தா, வெளிநாடா என்ற அளவில்தான் கேள்வி. பிறந்த ஊரைக் கேட்டு எழுதியது 1851-இலிருந்து.

முதல் வரைபடம் தலைக்கணக்கை அப்படியே வைத்துப் போட்டது. லண்டன் பளிச்சென்று சிவந்தது. இது எல்லாப் பெயருக்கும் நடப்பதுதான், ஏனென்றால் 1881 லண்டனில் 38 லட்சம் பேர். கணக்குப் புரிய ஓர் உதாரணம் (எண்கள் கற்பனை): லண்டனில் 60 பேர், 40,000 பேர் வாழும் ஒரு கிராமப்புற மாவட்டத்தில் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கணக்கில் லண்டன் முந்துகிறது. லட்சத்துக்கு எத்தனை என்று பார்த்தால் லண்டனில் 1.6, அந்த மாவட்டத்தில் 100. வண்ணம் தீட்ட வேண்டியது இந்த விகிதத்துக்கு.

விகிதத்துக்கும் ஒரு வியாதி உண்டு. 5,000 பேர் உள்ள சின்னப் பகுதிக்கு ஒரே ஒரு குடும்பம், ஏழு பேர், வேலை தேடிப் போயிருந்தால் லட்சத்துக்கு 140 என்று எகிறும், நாட்டிலேயே அதுதான் பெயரின் தாய்வீடு என்பதுபோல. அரிய பெயர்களுக்கு இந்த ஏமாற்று அடிக்கடி நடக்கும். தலைகளை எண்ணாமல் வீடுகளை எண்ணியதில் பாதி சரியானது. மூன்று வீட்டுக்குக் குறைந்த இடங்களைச் சாம்பல் நிறத்தில் விட்டதில் மீதியும் சரியானது. 1890-இல் ஹென்றி கப்பி என்ற இயற்கையியலாளர் பெயர்ப் பரவலை ஆராய்ந்தபோது விவசாயிகளை மட்டும் எண்ணினார். நிலம் வைத்திருப்பவன் இடம்பெயர மாட்டான் என்பது அவர் நியாயம். அந்தக் காலத்துக்கு நல்ல வடிகட்டி.

இவ்வளவும் செய்தபின் நாட்டிங்ஹாம்ஷயரும் அதை ஒட்டிய டெர்பிஷயரும் ஒரே திட்டாக எழுந்து வந்தன. ஆனால் சொந்த ஊர் இருக்கவேண்டிய இடத்தில் நாட்டிங்ஹாம்ஷயர் எண்ணிக்கை ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. காரணம் பதிவு மாவட்டம். அட்டன்பரோ ஊர் நாட்டிங்ஹாம்ஷயரில் இருந்தாலும், பிறப்பு இறப்புப் பதிவுக்கு ஷார்ட்லோ என்ற மாவட்டத்தின் கீழ் வந்தது. ஷார்ட்லோ இருப்பது டெர்பிஷயரில். அந்த மாவட்டம் டெர்பிஷயர், நாட்டிங்ஹாம்ஷயர், லெஸ்டர்ஷயர் மூன்றிலும் கால் வைத்திருந்தது. ஷயர் வாரியாகக் கூட்டினால் பெயரின் நடுப்பகுதியையே அடுத்த ஷயருக்குத் தாரைவார்த்துவிடுவோம். இன்றைய எல்லைக் கோப்பைப் போட்டாலும் இதே கதிதான், 1974-இல் எல்லாம் மாற்றி வரைந்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டுப் பதிவு மாவட்ட எல்லைகள் கொண்ட ஷேப்ஃபைலை (கணினி வரைபடக் கோப்பு) கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, ஷயர் எல்லையை மேலே மெல்லிய கோடாக மட்டும் வைத்தால் போதும்.

இன்னொன்றை முதலிலேயே தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஊர்ப் பெயரைக் குடும்பப் பெயராகச் சுமப்பவனை அந்த ஊரில் தேடக் கூடாது. அட்டன்பரோவுக்குள்ளேயே இருப்பவனை 'அட்டன்பரோக்காரன்' என்று யாரும் கூப்பிடப் போவதில்லை. பக்கத்து ஊருக்குக் குடிபோன பிறகுதான் அப்படிக் கூப்பிடுவார்கள். எனவே வரைபடத்தில் எதிர்பார்க்க வேண்டியது ஊரைச் சுற்றிய ஒரு வளையம். அட்டன்பரோ ஊரின் புகழ்பெற்ற மகன் ஹென்றி ஐர்ட்டன், ஆலிவர் கிராம்வெல்லின் மருமகன், 1611-இல் அங்கே பிறந்தவர். அவர் குடும்பப் பெயரான ஐர்ட்டனோ டெர்பிஷயரில் இருக்கும் வேறோர் ஊரின் பெயர்! ரிச்சர்ட், டேவிட் சகோதரர்களின் தந்தை பிரெடரிக் 1887-இல் பிறந்தது ஸ்டேபிள்ஃபோர்டில், அதாவது அட்டன்பரோவுக்கு மிக அருகே, அந்த வளையத்துக்குள்.

வரைபடம் இவ்வளவு சொன்னாலும் அது தீர்ப்பல்ல. ஒரே திட்டு என்பது ஒரே மூலத்தைக் குறிக்கலாம், அந்த வட்டாரத்தில் மட்டும் அப்படிப் பெயர் வைக்கும் பழக்கம் இருந்ததையும் குறிக்கலாம். அடுத்து இலக்கணத்திடம் போனோம்.

பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்குப் பால் உண்டு. 'அருகே' என்பதோடு சேரும் சுட்டுச்சொல் அந்தப் பாலுக்கேற்ப மாறும். ஆண்பால், நடுப்பால் (ஆணும் பெண்ணும் அல்லாத பால்) சொற்களுக்கு முன் அது தேய்ந்து 'அட்டன்' ஆகிறது. பெண்பால் சொற்களுக்கு முன் 'அட்டர்' ஆகிறது. கோட்டையைக் குறிக்கும் 'புர்ஹ்' பெண்பால். ஆகவே 'கோட்டையருகே' என்ற பெயர் முறைப்படி உருவாகியிருந்தால் 'அட்டர்' என்றுதான் தொடங்கியிருக்க வேண்டும். அப்படி ஒரு பெயர் நிஜமாகவே இருக்கிறது, அட்டர்பரி. ரோச்செஸ்டர் ஆயராக இருந்த பிரான்சிஸ் அட்டர்பரி (1663–1732) அந்தப் பெயர்க்காரர். அட்டன்பரோவில் வரும் 'அட்டன்' இந்த இலக்கணத்துக்குப் பொருந்தவில்லை. ஊரின் பெயருக்குச் சொல்லப்படும் விளக்கமோ வேறு: ஆடா அல்லது ஆடி என்ற ஆளின் கோட்டை. அதாவது முன்பாதி 'அருகே' இல்லை, ஒரு மனிதனின் பெயர். இடைக்காலத்தில் பால் வேறுபாடு தளர்ந்துவிட்டது என்பதால் இதை முழு நிரூபணமாக எடுத்துக்கொள்ள முடியாது. தராசு ஊர்ப் பக்கம் நன்றாகச் சாய்கிறது, அவ்வளவே. (பிரெடரிக் அட்டன்பரோ பழைய ஆங்கில அறிஞர், அந்தக்கால அரசர்களின் சட்டங்களைப் பதிப்பித்தவர். தன் பெயரில் இருக்கும் வேற்றுமை உருபு அவர் கண்ணில் படாமல் இருந்திருக்காது.)

மூன்றாவது, மரபணு. ஓய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போவது, ஆங்கிலேயக் குடும்பப் பெயரும் அதே தடத்தில்தான் போகிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் 40 பிரிட்டிஷ் குடும்பப் பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களை ஆராய்ந்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்மித் போன்ற பெயரில், தெருவில் போகிற இரண்டு பேரை நிறுத்திப் பார்ப்பதைவிட அதிக ஒற்றுமை எதுவும் இல்லை. கொல்லர் எல்லா ஊரிலும் இருந்தார். அட்டன்பரோ பெயர்க்காரர்களில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களிடம் ஒரே வகை அல்லது கிட்டத்தட்ட ஒரே வகை ஓய் குரோமோசோம். அரிய பெயராக இருக்க இருக்க இந்த ஒற்றுமை கூடுகிறது என்பதே அந்த ஆய்வின் மையம். இதற்கு முன்பே, 2000-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் சைக்ஸ் என்ற யார்க்ஷயர் பெயர்க்காரர் 48 பேரில் ஏறத்தாழ பாதிப்பேர் ஒரே வகையாக இருந்தார்கள். ஒரு தற்செயல்: லெஸ்டர் பல்கலைக்கழகமாக வளர்ந்த அந்தக் கல்லூரிக்கு 1932 முதல் 1951 வரை முதல்வராக இருந்தவர் இதே பிரெடரிக் அட்டன்பரோ.

இந்த 70-ஐ அவசரமாகப் படிக்கக் கூடாது. தொடக்கத்தில் இரண்டு மூன்று பேர் இந்தப் பெயரோடு இருந்து, மற்ற தடங்கள் மகன்கள் இல்லாமலே அறுந்து, ஒன்று மட்டும் பெருகியிருந்தாலும் இன்று இதே எண்தான் வரும். குடும்பப் பெயர்கள் இப்படி மறைவதைக் கால்டன், வாட்சன் என்ற இரண்டு ஆங்கிலேய ஆய்வாளர்கள் 1874-இலேயே கணக்காகப் போட்டுக் காட்டிவிட்டார்கள். பொருந்தாத மிச்சப் பேரை வைத்து யார் குடும்பத்தையும் சந்தேகிக்க வேண்டியதும் இல்லை. திருமணமாகாத தாய்க்குப் பிறந்த மகன் தாயின் பெயரையே எடுத்திருப்பான், பெயர் அதுவே, குரோமோசோம் வேறு. இதை ஆவணத்திலேயே பிடிக்கலாம். தலைமைப் பதிவகத்தின் புதிய இணையப் பிறப்பு அட்டவணையில் 1837 முதலே தாயின் பிறந்தவீட்டுப் பெயர் இருக்கிறது (பழைய அச்சு அட்டவணையில் அது 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான்). அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அந்தக் கிளையைத் தனி நிறத்தில் குறித்து வையுங்கள். அட்டவணை பார்க்கக் காசில்லை. சந்தேகமான பதிவுக்கு மட்டும் படம் வாங்கினால் போதும், 2024 கட்டணப்படி டிஜிட்டல் படம் 3 பவுண்டு, முழுச் சான்றிதழ் 12.50 பவுண்டு.

1837-க்கு முன்னே போக தேவாலயப் பதிவேடுகள். பதிவேடு வைக்கச் சொல்லி உத்தரவு 1538-லேயே வந்தாலும் எல்லா ஊரிலும் அவ்வளவு பழையது தங்கியிருக்காது. மூல ஏடு போயிருந்தால் ஆயருக்கு அனுப்பிய ஆண்டுப் பிரதியைக் கேளுங்கள். 1752-க்கு முன் ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. அதனால் 1700 பிப்ரவரி என்று எழுதியிருப்பது நம் கணக்கில் 1701. ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏட்டில் உள்ளபடி ஒரு கட்டம், திருத்தியது ஒரு கட்டம் என்று இரண்டாக வைக்காவிட்டால், திருமணத்துக்கு முன்பே முதல் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்ததாக வந்து நிற்கும்.

இப்போது மிச்சமிருப்பது லண்டன். விகிதத்தில் சிறிதானாலும் அங்கே ஒரு கூட்டம் நிஜமாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டு லண்டனில் அட்டன்பரோ என்றால் அடகுக்கடை என்றே பெயர். இவர்கள் டிரென்ட் கரையிலிருந்து போனவர்களா என்பதற்கு 1851-இன் பிறந்த ஊர்க் கட்டம்தான் நேரடிச் சான்று. வீட்டுத் தலைவர் லண்டனில் பிறந்தவர் என்றிருந்தால் அதே வீட்டில் இருக்கும் கிழவர் கிழவியைப் பாருங்கள், அல்லது வேலைக்கு வந்து தங்கியிருக்கும் அண்ணன் மகனை. அடகுக்கடைகளில் உறவுக்காரப் பையனைத்தான் கடையில் உட்கார வைப்பார்கள். 1851-க்கு முன்பே இறந்தவருக்கு உயில். 1858 ஜனவரி வரை வசதியான லண்டன்வாசிகளின் உயில்கள் பெரும்பாலும் கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டன, பிரதிகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். அவற்றில் சொத்துப் பட்டியலை வேகமாகத் தாண்டிப் போய், சிறு தொகை எழுதிவைத்திருக்கும் பத்திகளை நிதானமாகப் படிக்க வேண்டும். ஊரில் விட்டுவந்த அக்காவுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் ஐந்து, பத்து பவுண்டு என்று வருவது அங்கேதான், ஊர்ப் பெயரோடு.