ஓரகத்தி செய்யுற ஸ்பாகெட்டியும் பூண்டு சோறும்

எங்க வீட்டு ஸ்பாகெட்டி இனிப்பா இருக்கும். அதுல வாழைப்பழ கெச்சப் போடுவோம், சாசேஜை வட்டம் வட்டமா நறுக்கிப் போடுவோம், மேல அமுல் சீஸைத் துருவிக் கொட்டுவோம், இதெல்லாம் பாஸ்தாவான்னு கேக்குறவங்க ஒரு தட்டு சாப்பிட்டுட்டு வந்து கேளுங்க. செய்யுறது என் ஓரகத்தி. கொழுந்தன் சிங்கப்பூர்ல வேலை பாத்தப்ப கட்டிக்கிட்ட பொண்ணு, ஊரு பிலிப்பைன்ஸ்ல லகுனா மாகாணம், இப்ப கும்பகோணம் பக்கத்துல எங்க எல்லார் கூடவும் ஒரே அடுப்படியிலதான்.

அவங்க ஊர்ல ஸ்பாகெட்டி தினமும் திங்குற சாப்பாடு இல்ல, புள்ளைங்க பொறந்தநாளுக்குச் செய்யுறது. கூடவே பன்சித்னு ஒரு நூடுல்ஸும் இருக்கும், அதை மட்டும் வெட்டவே கூடாதாம், நீளமா இருந்தாதான் ஆயுசும் நீளமா இருக்கும்னு நம்பிக்கை.

கும்பகோணத்துல நாங்க தேடுன கடையில எங்கயும் வாழைப்பழ கெச்சப் இல்ல, அதனால அவளே செஞ்சிடுறா. அங்க சாபான்னு ஒரு வாழைப்பழத்துல செய்வாங்க, இங்க அதுக்கு மொந்தன்தான் சரியா வருது, நல்லாப் பழுத்திருக்கணும். வெங்காயம் பூண்டு வதக்கி, மசிச்ச பழத்தைப் போட்டு, வினிகர், சர்க்கரை, உப்பு, மிளகாத்தூள் சேத்து அடிப்பிடிக்காம கிண்டிக்கிட்டே இருக்கணும். அங்க கடையில விக்கிறது கலர் போட்டு சிவப்பா இருக்கும், இவ பீட்ரூட் சாறு ஊத்துறா.

இந்த வாழைப்பழ கெச்சப்பை முதல்ல செஞ்சவங்க மரியா ஒரோசான்னு ஒரு உணவு விஞ்ஞானின்னு சொல்றாங்க. அவங்க நாட்டுல தக்காளி அவ்வளவா விளையாது, வாழை கொட்டிக் கெடக்கும், அதுலேருந்து வந்த யோசனை. எனக்கு அதை விட அவங்க செஞ்ச தவிட்டு பிஸ்கட் கதைதான் மனசுல நிக்குது. ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான்காரங்க நடத்துன சிறை முகாம்ல பட்டினி கெடந்தவங்களுக்கு அரிசித் தவிட்டுல பிஸ்கட் செஞ்சு ரகசியமா உள்ள அனுப்புனாங்க, தவிட்டுல இருக்குற பி1 சத்து பெரிபெரி நோய்க்கு மருந்து. 1945ல மணிலா சண்டையில செத்துட்டாங்க. நம்ம ரைஸ்மில்லு தவிடு மாட்டுக்குப் போறதைப் பாக்குறப்பல்லாம் அந்தம்மா ஞாபகம் வரும்.

ஆனா ஓரகத்தி ஊரு அடுப்படியோட உசுரு அரிசிதாங்க. மூணு வேளையும் சோறு. காலைல சினங்காக்னு பூண்டு சோறு, அதுக்கு முதல் நாள் சோறுதான் வேணும், சூடா வடிச்ச சோத்துல செஞ்சா குழைஞ்சு ஒட்டிக்கும். இங்கதான் சிக்கலே! எங்க மாமியார் ராத்திரி மிச்ச சோத்துல தண்ணி ஊத்தாம படுக்க மாட்டாங்க, இவளுக்கோ தண்ணி படாத சோறு வேணும். கடைசில மாமியாரே "ஏம்மா, உனக்குத் தனியா எடுத்து வச்சுடுறேன்"னுட்டாங்க, இப்ப ராத்திரிக்கு ஒரு ஆழாக்கு கூடப் போட்டு வடிக்கிறோம், அவ பங்கு ஆறுனதும் மூடி ஃபிரிட்ஜுக்குப் போயிடும்.

செய்முறை ரொம்ப சுலபம். நிறைய பூண்டைத் தட்டி எண்ணெய்ல சின்ன தீயில பொன்னிறமா விடணும், கருகுனா கசந்துடும், பாதியை எடுத்து வச்சுட்டு மீதி எண்ணெய்ல உதிர்த்த சோறும் உப்பும் போட்டு நல்லா சூடேற வதக்கி, எடுத்த பூண்டை மேல தூவணும், அவ்வளவுதான். நம்ம புழுங்கல் அரிசி உதிரி உதிரியா இருக்குறதால பச்சரிசியை விட இதுக்கு நல்லா இருக்குன்னு அவளே சொல்றா. தொட்டுக்க முட்டையும் வறுத்த கருவாடும், நாகப்பட்டினத்துலேருந்து வர்ற நெத்திலி. கருவாட்டைப் பூண்டும் மிளகாயும் போட்ட வினிகர்ல தொட்டுச் சாப்பிடணும், அந்தப் புளிப்பு கருவாட்டோட உப்புக்கு அப்படிப் பொருந்தும்.

மாமனாருக்கு அவ ஊருன்னா தனி மரியாதை. 1960ல அவங்க லகுனாவுல லாஸ் பான்யோஸ்ங்கற ஊர்லதான் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சாங்க, 1966ல ஐ.ஆர். எட்டுங்கற நெல் ரகம் வந்ததும் அங்கேருந்துதான். அப்புறம் வந்த ஐ.ஆர். இருபதை எங்க வயல்லயே நட்டிருக்காரு. "ஐ.ஆர். எட்டு வெளைச்சல் அள்ளிக் கொடுத்துச்சும்மா, சோறுதான் முரடு"ன்னு அவகிட்ட சொல்வாரு, அவளும் "எங்க தாத்தாவும் இதையேதான் சொல்வாரு"ன்னுவா. அப்புறம் ரெண்டு பேரும் அந்தச் சோறு பூண்டு போட்டு வதக்க எப்படி இருக்கும்னு பேச ஆரம்பிச்சுடுவாங்க.