ஹெர்ரிங் முதல் ஐந்தொகை வரை: ஆம்ஸ்டர்டம் நாட்குறிப்பு

மே 6, 2024

மகள் வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் பகல் முழுவதும் என்னுடையது. இன்று பாலத்தோரத்து மீன் வண்டியில் ஹெர்ரிங் வாங்கினேன். "பச்சை மீன் மாமா, ஒத்துக்கொள்ளாது" என்று மாப்பிள்ளை எச்சரித்திருந்தார். உண்மையில் அது உப்பில் பதமான மீன். துண்டு போட்டு, பொடியாக அரிந்த வெங்காயம் தூவித் தந்தார்கள். நாகப்பட்டினத்துக்காரனுக்கு உப்பும் மீனும் புதிதில்லை. ஆனால் இதில் கருவாட்டின் சாயலே இல்லை, வெண்ணெயாகக் கரைந்தது.

செவுளையும் குடலையும் எடுத்துவிட்டுக் கணையத்தை மட்டும் உள்ளேயே விடுவார்களாம். உப்போடு சேர்ந்து மீனைப் பதப்படுத்துவது அதுதான். இந்த வேலையைப் படகிலேயே முடித்துப் பீப்பாயில் அடைத்ததால், வாரக்கணக்கில் கரை திரும்பாமல் வட கடலில் வலை வீச முடிந்தது. ஆம்ஸ்டர்டம் ஹெர்ரிங் எலும்பின் மேல் எழுந்த ஊர் என்று இவர்களே சொல்கிறார்கள். டச்சுக்காரர் என்றாலே ஜாதிக்காயையும் கிராம்பையும் நினைத்த எனக்கு இது நல்ல குட்டு.

மே 8

கால்வாய்க்கரை வீடுகளின் உச்சியில் ஒரு உத்திரம் நீட்டிக்கொண்டிருக்கிறது, நுனியில் கொக்கி. கப்பி மாட்டி மூட்டைகளைப் பரணுக்கு ஏற்றுவதற்கு. கீழே குடும்பம், மேலே கிடங்கு. அந்தப் பரண்களில் பெரும்பாலும் வட ஐரோப்பாவின் பால்டிக் கடற்கரையிலிருந்து வந்த தானியம்தான் கிடந்திருக்கும். அந்த வியாபாரத்தை 'தாய் வியாபாரம்' என்றே அழைத்தார்கள். மற்ற எல்லாம் அதன் பிள்ளைகள்.

1590களில் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, காற்றாலையால் கப்பலுக்கு மரம் அறுக்கும் முறை. இன்னொன்று, ஹோர்ன் ஊரில் கட்டிய ஃப்ளூட் கப்பல்: பருத்த வயிறு, குறைந்த ஆட்கள். கூலி மிச்சமானால் சரக்குக் கட்டணத்தை இறக்கலாம், எதிராளி தாங்கமாட்டான். அதற்குச் சற்று முன்பு, 1585-இல் தெற்கே இருந்த வியாபார நகரம் ஆண்ட்வெர்ப் ஸ்பெயினிடம் விழுந்ததில், அங்கிருந்த வியாபாரிகள் பலர் முதலோடு இங்கே வந்து சேர்ந்திருந்தார்கள்.

மே 11

ரயிலில் ஹோர்ன் போய்வந்தேன். 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளில் ஒன்று இங்கே இருந்தது. மொத்த முதல் சுமார் 64 லட்சம் கில்டர் (அந்நாள் டச்சு நாணயம்). ஆம்ஸ்டர்டமில் மட்டும் 1,143 பேர் பணம் போட்டார்கள். அதில் ஒருத்தி நேல்ட்கென் கொர்னெலிஸ், கம்பெனி இயக்குநர் ஒருவர் வீட்டு வேலைக்காரி. அவள் போட்டது 100 கில்டர். அவள் பெயரைத்தான் நான் இங்கே எழுதி வைத்துக்கொள்ள விரும்புகிறேன்.

ஊர்ச் சதுக்கத்தில் கம்பெனியின் ஆசியத் தலைமை ஆளுநராக இருந்த யான் பீட்டர்சோன் கூன் சிலையாக நிற்கிறார். ஜாதிக்காய் தன் கம்பெனிக்கு மட்டுமே கிடைக்கவேண்டும் என்று 1621-இல், இன்றைய இந்தோனேசியாவிலுள்ள பாண்டா தீவுகளை அழித்தவர். அங்கே வாழ்ந்த சுமார் 15,000 பேரில் மிஞ்சியது ஆயிரம் பேர் அளவுக்குத்தான் என்று மதிப்பிடுகிறார்கள். சிலைக்குக் கீழே பிள்ளைகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் காபிகூடக் குடிக்காமல் திரும்பிவிட்டேன்.

மே 12

மழை. வெளியே போகவில்லை. பாண்டா போன்ற மசாலாத் தீவுகளில் கொள்முதலுக்குச் செல்லுபடியானது நம் சோழமண்டலக் கரைத் துணி. அதற்காகத்தான் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டினார்கள், 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தஞ்சைச் சீமையில் பஞ்சம் வந்தபோது, துணியோடு மனிதர்களையும் விலைக்கு வாங்கி அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். ஊரில் பள்ளிக்கூடத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மே 15

கம்பெனியின் பழைய தலைமையகத்துக்குப் போனேன். இப்போது பல்கலைக்கழகக் கட்டடம், முற்றத்தில் மாணவர்கள்.

இவ்வளவு பெரிய டச்சு வியாபாரம் எப்படிச் சரிந்தது? இங்கிலாந்து 1651-இல் சட்டம் போட்டு டச்சுக் கப்பல்களைத் தன் துறைமுகங்களிலிருந்து ஒதுக்கப் பார்த்தது, போர்கள் வந்தன. 1672-இல் பிரான்சும் இங்கிலாந்தும் சேர்ந்தே பாய்ந்தன. சிறிய நாடு, போர்ச்செலவுக்கு வரி மேல் வரி. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. 38 வருடம் ஜவுளிக்கடைக் கணக்கு எழுதியவன் கண்ணில் படுவது வேறு. கம்பெனி ஆசியக் கணக்கை ஒருபக்கமும் ஐரோப்பியக் கணக்கை மறுபக்கமும் எழுதியது. இரண்டையும் சேர்த்து, சொத்தையும் கடனையும் நேருக்கு நேர் காட்டும் ஒரு ஐந்தொகை போட்டுப் பங்குதாரருக்குக் காட்டவே இல்லை. கடன் வாங்கியும் லாபப் பங்கு கொடுத்தது. ஆம்ஸ்டர்டம் வங்கியும் அதற்கு ரகசியமாகக் கடன் கொடுத்துத் தானும் கெட்டது.

அதற்குள் டச்சுப் பணக்காரர்கள் கப்பலை விட்டு வட்டிக்கு மாறியிருந்தார்கள். ஆங்கிலேய அரசின் கடன் பத்திரங்களை ஏராளமாக வாங்கி வைத்திருந்தார்கள். வட்டி கொடுத்துக்கொண்டிருந்த அதே இங்கிலாந்து 1780-இல் போர் தொடுத்து அவர்கள் கப்பல்களைப் பிடித்தது. மறு ஆண்டு எங்கள் நாகப்பட்டினமும் அதன் கைக்குப் போனது. 1784 உடன்படிக்கையிலும் திரும்பக் கிடைக்கவில்லை.

1796-இல் கம்பெனியை அரசு எடுத்துக்கொண்டது. 1799 டிசம்பர் 31-இல் அது ஒழிந்தது. தேதியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள்! அதையாவது சரியாகச் செய்திருக்கிறார்கள்.