செம்பனை ஆலையின் எடைமேடையில் என் பிக்கப்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பழைய பிக்கப்பின் முதுகில், பயணத்தில் படுத்துறங்கத் தங்கும் பெட்டியை (கேம்பர்) ஏற்றிக் கேமரன் மலைக்குப் போகும் ஆசையில் நான் முதலில் போய் நின்ற இடம் பட்டறை அன்று. பழக்குலை லாரிகள் வரிசை பிடிக்கும் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையின் எடைமேடை. வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து, டீசலை நிரப்பி, ஆட்களையும் அமர்த்தி எடுத்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதே பெட்டிக்கான பங்கு; அதில் 80 லிட்டர் தண்ணீர் மட்டுமே 80 கிலோவை விழுங்கிவிடும்.

பெட்டியின் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் முன் சக்கரங்களின் மீதுள்ள பாரம் குறைந்து, சிம்பாங் பூலாய் மலைப்பாதை வளைவுகளில் ஸ்டியரிங்கின் பிடி தளர்ந்துவிடும். ஆகவே இரண்டு அச்சுகளையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தேன். ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப்பை வைத்தால் பின்புறம் தாழ்வது நிற்குமே தவிர, அச்சும் டயரும் தாங்கும் அளவு ஒரு கிலோகூட அதிகரிக்காது. தோட்டத்து லாரி ஓட்டிய என் மாமா இதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. டயரின் பக்கவாட்டில் சுமைக் குறியீடு 112 என்றிருந்தால் ஒரு டயர் தாங்குவது 1,120 கிலோ, அதுவும் காற்றழுத்தம் சரியாக இருந்தால்.

பெட்டியைக் கட்டும் கொக்கிகளைப் பிக்கப்பின் பின்தொட்டியின் மெல்லிய தகட்டில் மாட்டாமல், வண்டியின் சட்டகத்தோடு போல்ட் போட்டு இறுக்கினேன்.