பத்திரக் கட்டிலிருந்து ஒரு வம்சாவளி

வம்சாவளி எழுத வேண்டுமென்றால் எல்லோரும் முதலில் பெரியவர்களைத்தான் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு வழியில்லை. தாத்தா தலைமுறையில் யாரும் இல்லை. மிஞ்சியது ஒரு பழைய பத்திரக் கட்டுதான். நிலமெல்லாம் எப்போதோ கைமாறிவிட்டதால் அதை யாரும் சீந்தவில்லை.

பத்திரம் எழுதியவருக்கு நம் குடும்பத்தைப் பற்றி என்ன அக்கறை? நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதுதான் அவர் கவலை. ஆனாலும் ஆளை அடையாளம் காட்ட அப்பா பெயர், ஊர், வயது, ஜீவனம் எல்லாம் போட்டாக வேண்டும். பெண் என்றால் யார் பெண்சாதி, யார் குமாரத்தி என்று இருக்கும். எனக்கு வேண்டியது அந்த வரிகள்தான். சர்வே எண்ணையும் கிரயத் தொகையையும் தாண்டி அவற்றைப் பார்க்கக் கண் பழகக் கொஞ்ச நாள் பிடித்தது.

முதல் முட்டுக்கட்டை தமிழ் எண்கள். ௫ பார்க்க 'ரு' மாதிரி, ௮ பார்க்க 'அ' மாதிரி. ௨௰௫ என்றால் இரண்டு பத்தும் ஐந்தும், அதாவது 25. எண்களை ஒரு அட்டையில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நாலைந்து பத்திரம் தாண்டியதும் அட்டை தேவைப்படவில்லை.

அப்புறம் தேதி. சிலவற்றில் தமிழ் வருஷப் பெயர் மட்டும்தான் இருக்கும். 60 வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதால் 'தாது வருஷம்' என்றால் பெரும் பஞ்சம் வந்த 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளில் இருப்பது விக்டோரியா ராணி தலையா, ஜார்ஜ் மன்னர் தலையா என்று பார்த்தால் தெரிந்துவிடும். தாளின் பின்பக்கம் முத்திரைத்தாள் விற்றவர் போட்ட தேதியும் உதவும். இன்னொன்று, தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. ஆகவே ஸ்ரீமுக வருஷம் 1933இல் தொடங்கினாலும் அதன் தை மாதம் விழுவது 1934இல்.

அந்த ஸ்ரீமுக வருஷம் தை மாதத்தில் எழுதிய பாகப் பத்திரம்தான் எங்களுக்குப் பொக்கிஷம். பங்கு பிரித்துக்கொள்பவர்கள் மூன்று பேர்: 22 வயது அண்ணன், 11 வயதிலும் 8 வயதிலும் இரண்டு மைனர் தம்பிகள். மைனர்களுக்குக் 'கார்டியன் தாயார்' என்று ஒரு பெண்ணின் பெயர். அவரைக் 'காலஞ்சென்ற' பூட்டனாரின் 'இளைய பெண்சாதி' என்று எழுதியிருக்கிறார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு சேதி: பூட்டனார் 1934க்கு முன்பே போய்விட்டார்; அவருக்கு இரண்டு தாரம். 22க்கும் 11க்கும் நடுவில் ஏன் அவ்வளவு இடைவெளி என்பதற்கும் ஓரளவு விடை கிடைத்தது. வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதே இல்லை.

வயதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. 22 என்றால் 1912 வாக்கில் பிறந்தவர் என்று குறித்து, பக்கத்தில் 'சுமார்' போட்டேன். கையெழுத்துப் போட மேஜராக இருந்தால் போதும். சரியான வயதைப் பற்றி அன்றைக்கு யாரும் தலையை உடைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

நான் எதிர்பார்க்காத இடம் நாலெல்லை. 'இன்னார் நிலத்துக்கு மேற்கு, இன்னார் பாகத்துக்குத் தெற்கு' என்று வரும் பெயர்களில் பாதி பங்காளிகள். ஒரே நிலத்தைப் பிரித்துக்கொண்டவர்கள் பக்கத்துப் பக்கத்தில்தானே இருப்பார்கள்? சாட்சிக் கையெழுத்துகளிலும் மாமன், மச்சான் என்று யாராவது ஒளிந்திருப்பார்கள்.

சேகரித்ததை அடுக்குவதுதான் பெரிய வேலை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் குடும்பம், ஆகவே ஒரே பெயரில் நாலு பேர். அதனால் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்காமல், பத்திரம் சொல்லும் ஒவ்வொரு சேதிக்கும் எக்செல்லில் ஒரு வரி ஒதுக்கினேன்: பத்திர எண், வருஷம், பெயர், அப்பா பெயர், வயது, எழுதிக்கொடுத்தவரா, வாங்கியவரா, சாட்சியா, எல்லைக்காரரா. அப்பா பெயரும் நிலமும் இரண்டும் ஒத்துப்போனால்தான் இரண்டு வரிகளை ஒரே ஆளாகச் சேர்த்தேன். வெறும் பெயர்ப் பொருத்தத்தை நம்பி மரம் போடுபவர்கள் நிறைய. அந்த மரங்களில் மகனுக்கு அப்பாவைவிட வயது கூடுதலாக இருக்கும்!

வீட்டில் இல்லாத பத்திரங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகம். கையிலிருக்கும் பத்திரத்தின் பின்பக்கமே வழி சொல்லும்: இன்ன புத்தகம், இன்ன வால்யூம், இன்ன பக்கம், இன்ன வருஷத்து இன்ன நெம்பர். 1908ஆம் வருஷப் பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1 புத்தகத்திலும் உயில்கள் 3 புத்தகத்திலும் ஏறும். 1 புத்தகத்துக்குப் பெயர்வாரி ஓர் அட்டவணையும் சொத்துவாரி ஓர் அட்டவணையும் உண்டு. கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் அவற்றைப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். பெயரும் வருஷமும் தெரியாமல் போய் நின்றால் அலைச்சல்தான்.

பெண்கள் பக்கம்தான் பெரிய ஓட்டை. விதவையாகவோ கார்டியனாகவோ வந்தால் பெயர் இருக்கிறது. மகள்களாக அவர்களைக் காணவே காணோம். 1956ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்பா சொத்தில் மகளுக்கும் உரிமை கொடுத்த பிறகு, எங்கள் கட்டில் விடுதலைப் பத்திரங்கள் வருகின்றன. 'எனக்குள்ள பாத்தியதையை விட்டுக்கொடுத்தேன்' என்று எழுதிக்கொடுத்த மூன்று அத்தைப் பாட்டிகளின் பெயரும், வாக்கப்பட்ட ஊரும், கணவர் பெயரும் அப்படித்தான் கிடைத்தன. பூட்டனாரின் இளைய தாரம் பிறந்த வீடு மட்டும் இன்னும் காலி. அவர் கார்டியனாக இருந்த காலத்தில் நிலத்தை அடமானம் வைத்திருந்தால் அந்தப் பத்திரத்தில் அவருடைய அண்ணனோ தம்பியோ சாட்சி போட்டிருக்க வாய்ப்பு உண்டு. 1934 முதல் 1945 வரைக்கும் பெயர்வாரி அட்டவணையைத் தேட மனுப் போட்டிருக்கிறேன்.