மாமா கையில் உள்ள அம்மைத் தழும்பு

குலசேகரத்தில் இருக்கும் என் மாமாவுக்கு ஈரலில் கேன்சர். நாலு மாதமாக சொராஃபெனிப் மாத்திரை சாப்பிடுகிறார். உள்ளங்கை சிவந்து தோல் உரிகிறது, நாற்பது வருடம் ரப்பர் பால் வெட்டிய கை, இப்போது கத்தியைப் பிடித்தாலே எரிகிறது என்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் கையில் களிம்பு தடவிக்கொண்டிருந்தேன். மச்சான் போனை நீட்டினான். "வைரஸ் ஊசி போட்டா கேன்சர் போயிருமாம், அந்தக் கம்பெனி ஷேர் கொஞ்சம் வாங்கிப் போட்டா அப்பா செலவுக்கும் ஆகும்லா?" அவன் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் படித்துப் பார்த்தபின் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

விஷயம் பொய் இல்லை. கேன்சர் செல்லுக்குள் பெருகி அதை உடைத்து, உடலின் எதிர்ப்பு சக்தியையும் உசுப்பிவிடும்படி வைரஸை மாற்றியமைக்கிறார்கள். ஹெர்பிஸ் வைரஸில் செய்த இம்லிஜிக் என்ற மருந்துக்கு 2015-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அது மெலனோமா என்ற தோல் கேன்சருக்கு, கட்டிக்குள்ளேயே குத்த வேண்டும். அதிலும் கட்டி சுருங்கி ஆறு மாதமாவது அப்படியே நின்றது 16.3 சதவீதம் பேருக்குத்தான், ஒப்பிட்ட மருந்தில் 2.1. நல்ல வித்தியாசம், ஆனால் ஃபார்வர்டில் வந்த "போயிரும்" இதில் இல்லை.

ஈரல் கேன்சருக்கு வந்த பெக்ஸா-வெக் கதைதான் என்னை உலுக்கியது. அம்மை குத்தப் பயன்பட்ட வாக்சினியா வைரஸில் செய்தது அது. 2013-ல் வெளிவந்த ஆய்வில் மொத்தம் 30 பேர், அதிக டோஸ் வாங்கியவர்கள் நடுமட்டமாக 14.1 மாதமும் குறைந்த டோஸ் வாங்கியவர்கள் 6.7 மாதமும் உயிரோடு இருந்தார்கள். ரெண்டு மடங்கு! யாருக்குத்தான் நம்பிக்கை வராது? கொரியாவில் சில்லாஜென் கம்பெனி பங்குகளைச் சாதாரண ஜனங்களும் வாங்கிக் குவித்தார்கள். அப்புறம் நானூறுக்கு மேற்பட்டவர்களை வைத்து, மாமா சாப்பிடும் இதே சொராஃபெனிப்பை மட்டும் கொடுத்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது பலன் தெரியவில்லை, 2019 ஆகஸ்டில் ஆய்வை நிறுத்தினார்கள், பங்கும் சரிந்தது. முப்பது பேரில் நாலைந்து திடமான ஆட்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டாலே கணக்கு மாறிவிடும்.

2025 ஜூலையில் ரெப்ளிமூன் கம்பெனிக்கும் அடி விழுந்தது. அவர்கள் வைரஸ் ஊசியோடு, எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் நிவோலுமாப் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்ததில் மூன்றில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது, ஆனால் ஒப்பிட இன்னொரு குழுவே இல்லை என்று அமெரிக்க மருந்துத் துறை அனுமதி தரவில்லை. ஒரே நாளில் பங்கு விலை ஏறக்குறைய முக்கால்வாசி போனது. இழுத்தடிக்கிறார்கள் என்று நோயாளிகள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது, காத்திருக்க அவர்களுக்கு நாள் இல்லை. ஆனாலும் அந்த ஒப்பீடு வேண்டும் என்பேன், முப்பது பேர் கணக்கை நம்பி மாமாவுக்குக் குத்த எனக்கு மனசு வராது.

எல்லாம் கேட்டுவிட்டு மாமா சட்டைக் கையை மேலே தூக்கி, சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பைக் காட்டி, "இதுல குத்துனதும் அந்த வைரஸ்தானா மக்களே?" என்றார். அந்த இனம்தான் மாமா என்றேன். வியாழக்கிழமை திருவனந்தபுரம் போகிறோம். ஈரல் கேன்சருக்கு இங்கே ஏதாவது ஆய்வு நடக்கிறதா, நடந்தால் எந்த மருந்தோடு ஒப்பிடுகிறார்கள் என்று டாக்டரிடம் கேட்க மச்சான் ரெண்டையும் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான்.