அப்பாவின் ஜெபமாலையோடு திருக்கல்லறைக்கு

அப்பா இறந்த வருஷம் அம்மா நேர்ந்துகொண்டது இது. "ஆண்டவரோட கல்லறையில அப்பா ஜெபமாலைய வச்சு, அவர் ஆத்துமாவுக்காக வேண்டிக்கணும்." அம்மாவின் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. இயேசு ஆண்டவரின் கல்லறை இருக்கிற எருசலேமுக்கு நான் போனேன்.

பழைய நகரத்துச் சந்துகளில் மெழுகுவர்த்தி விற்பவர்களிடம் தப்புவதே பெரும்பாடு. ஆண்டவரின் வயதுக்கு 33 வர்த்திகளைக் கட்டாகக் கட்டி நீட்டுகிறார்கள். சட்டையைப் பிடித்து இழுக்காத குறை. கல்லறையின் மேல் கட்டிய ஆலயத்துக்குள் அதைவிட மோசம். வரிசை கல்லறை மண்டபத்தையே சுற்றி நிற்கிறது. கொடி பிடித்த வழிகாட்டி ஒருவர் தம் கூட்டத்தை எங்களுக்கு முன்னால் நைசாகச் செருகிவிட்டார். கேட்க நாதியில்லை. கிரேக்கர், அர்மேனியர், பிரான்சிஸ்கன் துறவியர் எல்லாரும் முறை வைத்து வழிபடுகிற இடம் வேறு. நடுநடுவே வரிசையை நிறுத்திவிடுகிறார்கள்.

கல்லறைக்கு முன்னறையான வானதூதர் அறையைத் தாண்டியதும், குனிந்தால்தான் நுழைய முடிகிற வாசல். உள்ளே சிலர் நிற்கத்தான் இடம். வலப்பக்கம் பளிங்குப் பலகை, எத்தனையோ கைகள் பட்டு வழவழவென்று இருந்தது. 2016-இல் இதைத் திறந்தபோது அடியில் இருந்த பாறைப் படுக்கையைப் பார்த்தார்கள்.

ஜெபமாலையை வைத்தேன். அப்பாவின் விரல் உருட்டி உருட்டி மணிகள் சாயம் போயிருந்தன. வேண்ட வந்தது ஆத்துமாவுக்காக. கண்முன் வந்ததோ அவர் கைகள். கடைசி நாட்களில் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் நடுங்கிய கைகள். மண்ணோடு போயிற்று என்று நினைத்திருந்தேன். ஆனால் இந்தப் பாறையில் கிடத்தப்பட்ட ஆண்டவர் வெறும் ஆவியாகவா எழுந்தார்? நம்பாத சீடர் தோமாவுக்குக் காயத்தைக் காட்டினார், சீடர்கள் முன் பொரித்த மீனைச் சாப்பிட்டாரே! அப்பாவின் ஆத்துமா, மோட்சத்துக்கு முன் சுத்தமாகிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருந்தால் என் மன்றாட்டு அவருக்குச் சேரட்டும். அப்புறம் கடைசி நாளில் அந்தக் கைகளும் எழும், நடுக்கமில்லாமல். "சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்", உடலும் உயிர்த்தெழும் என்று நம்புகிறேன் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மேற்கொண்டு ஜெபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

"போதும், வெளியே!" என்று துறவி விரட்டினார். ஜெபமாலையை அள்ளிக்கொண்டு குனிந்தபடி வெளியே வந்தேன்.

ஆண்டவரே, உமக்குக் கோடி தோத்திரம். நேர்ந்துகொண்ட அம்மாவுக்காக நன்றி, அப்பாவைத் தந்ததற்கு நன்றி, அவரைத் திரும்பத் தரப்போவதற்கும் இப்போதே நன்றி. அந்தக் கொடிக்காரரையும் ஆசீர்வதியும். அவருக்கு என்ன அவசரமோ.