காகமும் பனம்பழமும்

உயர்தர வகுப்பில் எங்களோடு அளவையியல் படித்தவர்களுக்கு மாஸ்டரின் சிவப்புப் பென்சில் மறந்திருக்காது. விவாதம் நடக்கும்போது பிரித்த சிகரட் பெட்டி அட்டை ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டு, பேசுகிறவன் சறுக்கும் இடமெல்லாம் ஒரு கோடு போடுவார். கைதட்டல் அடங்க முன்னமே "ஏழு" என்பார். ஏழு போலி, அதாவது சரிபோலத் தெரியும் பிழையான நியாயம் ஏழு, என்று அர்த்தம்.

1982. யாழ்ப்பாண நூலகம் எரிந்து ஒரு வருடம் ஆகவில்லை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று இருந்தது; மூன்று வருடத்துக்கென்று வந்ததை அந்த வருடம் நிரந்தரமாக்கினார்கள். அமைச்சரின் கட்டளையில் மும்மூன்று மாதமாகப் பதினெட்டு மாதம் வரை ஒருவரை அடைத்து வைக்கலாம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் எடுத்த வாக்குமூலமும் சாட்சியமாகும். வெருட்டி வாங்கியது என்று காட்டுவது அகப்பட்டவன் பாடு.

'இப்படியான சட்டம் தேவையா' என்பதுதான் தலைப்பு. தேவை என்று பேச ஒருவரும் வராததால் மாஸ்டர் சீட்டுக் குலுக்கினார். எனக்கு அதிர்ஷ்டம், எதிர்த்துப் பேசக் கிடைத்தது. "சட்டம் வந்தது 1979. அதன் பிறகுதான் வன்முறை கூடியது. ஆகவே சட்டமே காரணம்!" என்று மேசையில் அடித்தேன். மண்டபம் அதிர்ந்தது.

"எட்டு" என்றார் மாஸ்டர். தேவை என்று பேசியவனுக்கு ஐந்துதான்.

எனக்கு முகம் கறுத்துவிட்டது. "முடிவு சரியாய் இருக்கலாம் ஐசே. நியாயம் பிழை. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை. நாளைக்கு அமைச்சர் வந்து, சட்டம் வந்த பிறகு ஒரு மாதம் குண்டு வெடிக்கேல்லை, ஆகவே சட்டம் வேலை செய்யுது எண்டு சொன்னால் நீர் என்ன செய்வீர்? அதே காகம்தானே?"

சட்டத்தை எதிர்ப்பவர்களெல்லாம் துவக்குக்காரரின் ஆட்கள் என்று தேவையென்று பேசியவன் சொன்னதும், ஆதரிப்பவர்களெல்லாம் தமிழர் முழுப்பேரையும் மறியலில் போடப் பார்க்கிறார்கள் என்று நான் சொன்னதும் அவருக்கு ஒன்றுதான். தோட்டத்து வெருளியை ஆளென்று நினைத்துக் கல்லெறிவது என்பார். பிறகு மணிமேகலைக்குப் போய்விடுவார். அதில் வரும் பௌத்தத் துறவி அறவண அடிகள் பக்கப் போலி (நிறுவ வந்த கூற்றில் பிழை) 9, ஏதுப் போலி (காட்டும் காரணத்தில் பிழை) 14, எடுத்துக்காட்டுப் போலி 10 என்று வகுத்ததில் அவருக்குப் பிடித்தது ஒன்று: ஆவியோ பனியோ என்று ஐயம் தீராமலே புகையென்று கொண்டு, நெருப்பு உண்டென்று துணிவது. மார்கழிக் காலையில் வயல்வெளியைப் பார்த்தவனுக்கு விளக்கம் தேவையில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு ஒரு சுற்றிவளைப்பு. வரிசையில் போனோம். சாக்கால் தலையை மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வைத்த ஒருவன் இருந்தான். தலையாட்டி; அவன் ஆருக்குத் தலையாட்டுகிறானோ அவரைப் பிடித்து வைப்பார்கள். எனக்கு ஆட்டினான். மாஸ்டருக்கும் ஆட்டினான்! வெயிலில் மணலில் இருத்தினார்கள். பக்கத்தில் இருந்த மாஸ்டர், காவலுக்கு நின்றவன் அங்கால் பார்க்கிற நேரம், விரலால் கணக்குப் போட்டார்.

"பத்தாயிரம் பேர் போகினம். அதில பத்துப் பேர்தான் அவை தேடுற ஆக்கள் எண்டு வையும். உவன் பத்துக்கு ஒன்பது சரியாய்ச் சொல்லுவான் எண்டும் வையும். அப்ப உண்மையான ஆக்கள் ஒன்பது பேர் இஞ்ச வருவினம். மிச்சம் 9,990இல எத்தினை?"

"999, மாஸ்டர்."

"மொத்தமா 1,008 பேர் இருக்கிறம், ஒன்பது பேருக்காக." காவல்காரன் திரும்பினான். அவர் உள்ளங்கையால் மணலைத் தடவிவிட்டார். பின்னேரம் எங்கள் இருவரையும் விட்டார்கள்.

2005 நவம்பரில் லண்டன் வீட்டில் தொலைக்காட்சியில் பாராளுமன்ற விவாதம் பார்த்தேன். சந்தேகநபரைக் குற்றஞ்சாட்டாமல் 90 நாள் தடுத்து வைக்க அரசாங்கம் கேட்டது. இந்த நாட்டிலும் 1974இல் பேர்மிங்காம் குண்டுவெடிப்புக்குப் பின் சில நாட்களில் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று வந்த சட்டம் கால் நூற்றாண்டு ஓடியது. காஸ் பில் உறையில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பொலிஸ் கேட்கிறது, ஆகவே தேவை: ஒரு கோடு. எங்கள் வகுப்புத் தோழன் ஒருவனும் வந்திருந்தான்.

"எங்கட ஆக்களைப் பதினெட்டு மாதம் வைச்சாங்கள். இவங்கள் 90 நாள் கேட்டால் பெரிய விசயமே?"

அவனுக்கும் ஒரு கோடு போட்டேன். 322க்கு 291 என்று அரசாங்கம் தோற்றது. தோழன் உறையைப் பறித்துப் பார்த்தான்.

"உனக்கு எத்தினை?"

எங்கள் தொகுதி உறுப்பினருக்கு நான் எழுதி அனுப்பிய கடிதத்தின் பிரதியை எடுத்து வந்து இருவரும் எண்ணினோம். மூன்று. அதில் ஒன்று காகமும் பனம்பழமும்.